தேங்காய்த்திட்டுக் காடும் வில்லியனூர்த் தண்ணீரும்

ஆண்டுதோறும் ஜூலை 26-ம் தேதி நமது கடற்கரையோரங்களில் ஒரு காட்சி நடைபெறுகிறது. அன்று உலகக் கண்டற்காட்டு தினம். அதிகாரிகளும் பிரமுகர்களும் கழிக்கரைச் சேற்றில் இறங்கி, ஆளுக்கொரு கன்றை நட்டுப் படம் பிடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். நல்ல காரியந்தான். அலையைத் தடுக்கும் காடு என்பதால் இப்போது அலையாத்திக் காடு என்று வழங்கப்பெறும் இச்சதுப்புக் காடுகளை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பிரமுகர்கள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் சென்ற ஆண்டு நட்ட கன்று எத்தனை, அவற்றில் உயிரோடிருப்பவை எத்தனை என்று மறு ஆண்டு அதே இடத்தில் நின்று எவரேனும் கணக்குச் சொல்லக் கேட்டிருக்கிறோமா?

இக்கேள்விக்கு இப்போது தனி அவசரம் உண்டு. 2023 ஜூன் 5-ம் தேதி மத்திய சர்க்கார் கண்டற்காடுகளுக்கென்று ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார்கள். ஐந்தாண்டுகளில் நாடெங்கும் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் இக்காட்டை மீட்பதும் புதிதாக உண்டாக்குவதும் அதன் நோக்கம். திட்டத்துக்கு ‘மிஷ்டி’ என்று பெயர். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்துச் செய்த பெயராயினும், வங்க மொழியில் மிஷ்டி என்றால் இனிப்பு. வங்காளிகள் நன்னீரை ‘மிஷ்டி ஜல்’ என்பார்கள். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, பொருள் நன்றாகவே அமைந்திருக்கிறது. புதுவைச் சதுப்புக் காட்டுக்கு இன்று வேண்டியது அந்த மிஷ்டி ஜல்லே. அது வில்லியனூர் வழியாகவே வரவேண்டும்.

இடத்தை முதலில் கண்முன் நிறுத்திக்கொள்வோம். சங்கராபரணி நதி செஞ்சி மலைப் பக்கத்தில் பிறக்கிறது. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்குப் பெயருண்டு. விழுப்புரம் ஜில்லாவைக் கடந்து புதுவை எல்லைக்குள் நுழைந்து, வில்லியனூர் கொம்யூனில் திருக்காஞ்சிக் கோயிலின் படித்துறையைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. கடலை நெருங்கும்போது இரு கிளையாகிறது. வடகிளைக்கு அரியாங்குப்பத்தாறு என்றும், தென்கிளைக்குச் சுண்ணாம்பாறு என்றும் பெயர். வடகிளையின் கரையிலேதான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் வீலர் துரை தோண்டிப் பார்த்து, ரோமாபுரிப் பானைகளை வெளியில் எடுத்துக்காட்டிய அதே இடம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கப்பல் வாணிபம் நடந்த அந்த ஆற்றுமுகத்தில் இன்று மணல் சேர்ந்து சிறு படகே தரைதட்டும் காலங்கள் உண்டு.

கடலும் ஆறும் கலக்கும் இந்தக் கழியில், தேங்காய்த்திட்டை ஒட்டிய திட்டுக்களிலும் சேற்றுக் கரைகளிலும் நாம் பேசவந்த காடு நிற்கிறது. பெரிய காடல்ல. 2021-ம் ஆண்டின் வன அறிக்கைப்படி இந்தியா முழுவதும் இருக்கும் கண்டற்காடு 4,992 சதுர கிலோமீட்டர். வங்காளத்தில் மட்டும் 2,114, தமிழ்நாட்டில் 45. புதுவையிலோ காரைக்கால், ஏனாம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. சிறியது என்பதனாலேயே அது அலட்சியத்துக்கு ஆளாகிறது. ஆயிரம் ஏக்கரில் பத்து ஏக்கர் போனால் ஒரு குறிப்பாவது எழுதுவார்கள். பத்து ஏக்கர் உள்ள இடத்தில் ஐந்து ஏக்கர் போனால், ‘அங்கே காடா இருந்தது?’ என்று கேட்டுவிடுவார்கள்.

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புதுவைக் கழியில் உண்மையான கண்டல் மரவகை ஏழு உள்ளன. அவற்றை ஒட்டி வாழும் செடிகொடிகள் பதினாறு. ஏழுக்குள் வெண்கண்டலே மிகுதி. அதன் இலையின் அடிப்புறத்தைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அது இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. சேற்றுக்குள் காற்றில்லாமையால், வேரிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்கள் மேல்நோக்கி முளைத்து நிற்கின்றன. அவை மூழ்கிக்கிடக்கும் நேரம் அளவோடிருந்தால் மரம் பிழைக்கும். நாட்கணக்கில் நீர் வடியாது நின்றால் மரம் மூச்சுத்திணறிச் சாகும். சுரபுன்னையின் வகை வேறு. அது அடிமரத்திலிருந்து வளைந்த ஊன்றுவேர்களைச் சேற்றில் நாட்டிக்கொண்டு, தன் விதையை மரத்திலேயே முளைக்கவைத்து, முருங்கைக்காய்போல் தொங்கவிட்டுப் பிறகே கீழே போடுகிறது. விழுந்த முளை சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர்பிடிக்கும். அலை கொண்டுபோனால் மிதந்து சென்று வேறிடத்தில் கரைசேரும். ஓரங்களில் கழுதைமுள்ளி, நிலம் சற்று மேடேறி உப்பு முற்றும் இடத்தில் உமிரி, அதற்கப்பால், நாளடைவில் எல்லாவற்றையும் விழுங்கிவிடக் காத்திருக்கும் சீமைக்கருவேல்.

இம்மரங்கள் உப்பைத் தாங்கும் என்பதால் உப்பையே விரும்பும் என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. உப்பைத் தாங்குவது வேறு, உப்பிலேயே செழிப்பது வேறு. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ளது. ஆற்றுநீர் அதனோடு கலந்து உப்பைத் தணிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான கண்டல் வகைகள் உயர்ந்து வளர்கின்றன. நன்னீர் குறைந்தால் காடு ஒரே நாளில் அழிவதில்லை. முதலில் உப்புக்கு அஞ்சும் வகைகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. கடைசியில் வெண்கண்டல் மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் குட்டையாகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பச்சை அப்படியே இருப்பதாகத் தோன்றும். வானத்திலிருந்து எடுக்கும் படத்திலும் பரப்பளவு குறையாமல் இருக்கக்கூடும். ‘காடு வளர்ந்திருக்கிறது’ என்று அறிக்கையும் வெளிவரும். உள்ளே காடு ஏழையாகிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

இது வெறும் ஊகமன்று. சிந்து நதியின் கழிமுகத்தில் ஒரு காலத்தில் எட்டு வகைக் கண்டல்கள் இருந்தன. மேலே அணைகளும் கால்வாய்களும் நீரை எடுத்துக்கொண்ட பின், இன்று அங்கே நிற்பது பெரும்பாலும் வெண்கண்டலே. வங்காளத்துச் சுந்தரவனத்துக்குப் பெயர் கொடுத்த சுந்தரி மரம் உச்சியிலிருந்து பட்டுப்போகிறது. கங்கையின் நன்னீர் அப்பக்கம் குறைந்ததும் உப்பு ஏறியதும் அதற்கு முக்கிய காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர்.

அவ்வளவு தூரம் போகவேண்டுவதுமில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் கண்டற்காட்டைச் சேர்ந்தது. அதைப் பார்க்க விரும்புவோர் இன்று கோயிலை விட்டுப் பிச்சாவரத்துக் கழிக்குப் போகவேண்டும். அப்பிச்சாவரத்தின் பழங்கதையைச் சேறே எழுதிவைத்திருக்கிறது. ஆண்டுதோறும் உதிரும் மகரந்தம் சேற்றில் அடுக்கடுக்காய்ப் படிந்து கெடாமல் கிடக்கும். அதை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றதென்று சொல்லிவிடலாம். இந்தக் கலையில் புதுவைப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் உலகத்துக்கே வழிகாட்டினார்கள். பிளாஸ்கோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் 1975-இல் இந்தியக் கண்டற்காடுகளைப் பற்றி எழுதிய நூல் அந்நிலையத்திலிருந்தே வெளிவந்தது. அவரோடு பணியாற்றிய நம்மவர் கணபதி தணிகைமணி கண்டல் மகரந்தத்தைப் பற்றி எழுதிய நூல் 1987-இல் வெளியாயிற்று. அதைக் காண அவர் இல்லை. முந்திய ஆண்டு கராச்சியில் நடந்த விமானக் கடத்தலில் அவர் உயிரிழந்தார். இத்தகைய அறிவு விளைந்த நகரத்தின் வாசலிலேயே இருக்கும் கண்டற்காட்டுக்கு இந்தக் கதி என்பது நமக்கு வேதனையளிக்கிறது.

பிச்சாவரம் கற்பிக்கும் பெரிய பாடம் இன்னொன்று. பிரிட்டிஷார் காலத்திலிருந்து 1970-களின் பக்கம் வரை அக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றில் உள்ள மரங்களை அடியோடு வெட்டி, அது தானே வளருமென்று விட்டுவைப்பது வன இலாகாவின் முறையாக இருந்தது. மற்றக் காடுகளில் பலித்த முறை இங்கே பலிக்கவில்லை. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றின் ஈரம் வற்றி மண் அமிழ்ந்து, வெட்டிய இடம் தொட்டிபோல் குழிந்தது. பொங்கி வந்த கடல்நீர் அதில் தங்கிற்று, வடிய வழியில்லை. தங்கிய நீர் காயக் காய உப்பு முற்றிற்று. அப்புறம் அங்கே எந்த விதையும் முளைக்கவில்லை. பல ஆண்டுகள் கன்று நட்டும் பயனில்லை. பழியைச் சுற்றுப்புறக் கிராம மக்களின் மேலும் அவர்களுடைய மாடுகளின் மேலும் போட்டது ஒன்றுதான் கண்ட பலன்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் வன இலாகாவோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து விஷயத்தை வேறு விதமாகப் பார்த்தார்கள். மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஏறும் நீர் உள்ளே வரவும் வற்றும் நீர் வெளியே போகவும் வழி செய்தார்கள். மண்ணின் உப்புத் தணிந்தது. நட்ட கன்று பிடித்தது. நடாத விதையும் வந்து முளைத்தது. நீரின் போக்கைச் சரிசெய்தால் காடு பாதி தானே வரும். நீரின் போக்கைக் கெடுத்துவிட்டு லட்சம் கன்று நட்டாலும் அது கன்று விற்றவருக்கே லாபம்.

புதுவையில் நீரின் போக்கைக் கெடுப்பவை இரண்டு: ஒன்று மேலே, ஒன்று கீழே. மேலேயுள்ளதை முதலில் சொல்லுவோம். ஏனெனில் அது நமது அரசியல் மேடைகளோடு சம்பந்தப்பட்டது.

‘ஆற்றுநீர் கடலில் வீணாகக் கலக்கிறது’ என்ற வாக்கியத்தைச் சொல்லாத கட்சி தமிழ்நாட்டிலும் இல்லை, புதுவையிலும் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். சங்கராபரணியின் மேல் வீடூர் அணை 1950-களின் இறுதியில் எழுந்தது. அதே காலத்தில் தென்பெண்ணையின் மேல் சாத்தனூர் அணையும் எழுந்தது. பின்னர் புதுவை எல்லைக்குள்ளேயே செட்டிப்பட்டு முதலிய இடங்களில் படுகை அணைகள் வந்தன. இவற்றால் குடியானவர்களுக்கு நன்மையில்லை என்று நாம் சொல்லவில்லை. படுகை அணையில் தேங்கும் நீர் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறுவது கண்கூடு. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரிக்கு இந்த நதியின் நீரே வாய்க்கால் வழியாகப் போகிறது. அவ்வேரியின் புதுவைப் பகுதியைப் பறவைச் சரணாலயமென்று 2008-இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதியை 2014-இல் அவ்வாறே அந்தச் சர்க்காரும் அறிவித்தார்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொணர்கிறது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பெயர் வந்தது அந்த ஏரியினால். இவை எல்லாம் வேண்டியவையே.

ஆனால் கடைசிச் சொட்டு வரையில் நிறுத்தவேண்டும், கடலுக்குப் போவதெல்லாம் நஷ்டம் என்று கணக்கிடுவது தவறு. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் முகத்துவாரத்துக்கு நன்னீர் வந்து சேருவது அரிதாகிவிட்டது. வந்து சேருவது பெரும்பாலும் நகரத்துக் கழிவே. ஆற்று மணலை வரம்பின்றி அள்ளியதால் படுகை தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த படுகையில் ஏற்றநீர் முன்னைவிட மேலே ஏறுகிறது. ஆக, இறங்கி வரவேண்டிய நன்னீர் இறங்கவில்லை. ஏறக்கூடாத உப்பு ஏறுகிறது.

இதனால் கெடுவது தேங்காய்த்திட்டின் மரங்கள் மட்டுமானால், வில்லியனூர் விவசாயி ‘எனக்கென்ன?’ என்று கேட்பது நியாயமாகலாம். ஆனால் அதே உப்பு அவர் கிணற்றின் வாசலிலும் நிற்கிறது. கடற்கரையோர நிலங்களின் அடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நெருங்காது என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி எழும்பும். ஆழ்குழாய்க் கிணறுகள் இரவும் பகலும் இறைக்கும் பாகூர், அரியாங்குப்பம் கரையோரங்களில் இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. கரித்த கிணறு ஒன்று, இரண்டு தலைமுறைக்கு இனிக்காது. ஆற்றில் ஓடும் நீரும் கழியில் நிற்கும் நன்னீரும் அந்த ஓரடியைக் காப்பவற்றுள் சேர்ந்தவை. அந்த நீருக்கு வீண் என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்?

மீன்பிடிக்கும் மக்களைக் கேட்டாலும் இதையே வேறு விதமாகச் சொல்லுவார்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு கழிக்குள் புகுந்து கண்டல் வேரடியில் வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். மடவையும் கொடுவாவும் நண்டும் இந்தக் கழியை நம்பியவை. ஆற்றின் வண்டலும் இலைச்சருகும் அவற்றுக்கு உணவு. வீராம்பட்டினத்து வலையில் விழும் இறால், வில்லியனூரைக் கடந்து வந்த தண்ணீரின் பலன் என்று சொன்னால் மிகையாகாது.

‘தண்ணீரே இல்லாத ஆண்டில் எதை விடுவது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வறட்சியில் நெல்லுக்கும் குடிக்கும் நீருக்கும் முதலிடம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நமது நதிகளின் நோய் வறட்சி மட்டுமன்று. 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயல் கரை கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. வீடூர் திறக்கப்பட்டுச் சங்கராபரணி கரைபுரண்டது. சாத்தனூரிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் நீரில் மிதந்தன. பல மாதம் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு நாளில் பிரளயம். கண்டற்காட்டுக்கும் இது உதவாது, குடியானவருக்கும் இது உதவாது. பிரளயமாக வந்ததில் ஒரு சிறு பகுதி தை, மாசி மாதங்களில் மெல்லிய ஓட்டமாகக் கழியை அடையுமானால், மரமும் பிழைக்கும், கிணறும் பிழைக்கும். அதற்கு வேண்டியது புது அணையன்று. இருக்கும் அணைகளின் மதகுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற ஒழுங்கு.

இனிக் கீழேயுள்ள தடை. நமது கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அவ்வளவு மெல்லிய மூச்சைக் கொண்டே கழி உயிர்வாழ்கிறது. வாயில் சற்று மணல் அடைத்தாலும் மூச்சு முட்டும். கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது இயற்கை. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பத்தாற்றின் முகத்தில் துறைமுகத்துக்காக அலைதாங்கிச் சுவர்களை நீட்டினார்கள். மணல் தெற்கே சேர்ந்தது. வடக்கே புதுவை நகரத்தின் அழகிய கடற்கரை கரைந்து, பாறாங்கற்களை அடுக்கவேண்டி வந்தது. நகரத்துக் கடற்கரை போனதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதே சுவர்களுக்கிடையே மணல் அடைந்து, தூர் எடுப்பது தாமதமாகும் காலங்களில் கழிக்குள் ஏறும் நீரும் இறங்கும் நீரும் குறைவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. படகு தரைதட்டினால் மீனவர் மறியல் செய்கிறார்கள், சர்க்கார் விழித்துக்கொள்கிறார்கள். மரத்துக்கு மறியல் செய்யத் தெரியாது.

கழிவுநீரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆறுகளின் பட்டியலில் சுண்ணாம்பாறும் இடம்பெற்றது. விருந்தினரைப் படகேற்றி அழைத்துச் சென்று ‘பாருங்கள் எங்கள் இயற்கையை’ என்று காட்டும் அதே ஆறு!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்புகள் கண்டற்காட்டை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய இடமாகவே வைத்திருக்கின்றன. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட காட்டைச் சுற்றி ஐம்பது மீட்டர் காப்புநிலம் விடவேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால் 2019-ம் ஆண்டின் அறிவிப்பு, தனியார் நிலத்திலுள்ள கண்டலுக்கு இந்த ஐம்பது மீட்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டது. அரசாங்கத்து மரத்தின் வேருக்கு ஐம்பது மீட்டர் மூச்சு வேண்டும், தனியார் மரத்தின் வேருக்கு வேண்டாம் என்பது எந்தத் தாவர சாஸ்திரமோ தெரியவில்லை. காணி விலை பொன்விலையாகிவிட்ட புதுவையை ஒட்டிய கழிக்கரையில், இவ்விலக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முதலில் ஒரு வண்டி மண். பிறகு ஒரு வேலி. பிறகு ஒரு பத்திரம்.

காட்டின் நன்மையைக் கூறுவோர் 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலையை எடுத்துக்காட்டுவது வழக்கம். கடலூர்க் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. ஊரின் மேடும் கடலிலிருந்து அதன் தொலைவுமே உண்மைக் காரணம் என்று மறு ஆண்டு வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. பேரலையை எந்த மரமும் முழுதும் நிறுத்திவிடும் என்று ஏழை மீனவனுக்கு வாக்குறுதி கொடுப்பது அபாயம். அலையை மெலியச் செய்யும், கரையைப் பிடித்துவைக்கும், புயற்காற்றின் வேகத்தைத் தணிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுவோம். அவ்வளவே போதிய காரணம்.

ஆகவே இப்போது செய்யவேண்டியது என்ன? நதியின் தலை தமிழ்நாட்டில், வாய் புதுவையில். அணையின் சாவி ஓரிடத்தில், கழியின் கணக்கு வேறிடத்தில். பொதுப்பணி இலாகாவுக்கு மதகு தெரியும், மரம் தெரியாது. வன இலாகாவுக்கு மரம் தெரியும், மதகின்மேல் அதிகாரம் இல்லை. துறைமுக இலாகாவுக்குக் கப்பல் வரும் வழி ஒன்றே கண். கீழூரில் 1954 அக்டோபர் 18-ம் தேதி மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்துப் பிரெஞ்சு எல்லையை அகற்றினார்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அந்த எல்லைக்கல் இன்னும் அசையாமல் நிற்கிறது.

இரு சர்க்காரின் பொறியியலாளரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே கூடிப் பேசவேண்டும். வீடூரிலிருந்தும் படுகை அணைகளிலிருந்தும் மழைக்குப் பின் எத்தனை நாள், எவ்வளவு நீர் கழிக்குப் போகவேண்டும் என்று எழுத்தில் முடிவு செய்யவேண்டும். அளவை நிபுணர் சொல்லட்டும். ஆனால் அளவு பூஜ்யமாக இருக்கக்கூடாது. வில்லியனூர், பாகூர் விவசாயிகளின் பிரதிநிதிகளும் கரையோர மீனவர்களின் பிரதிநிதிகளும் அந்த மேஜையில் இருக்கவேண்டும். இருசாராரும் இதுவரை ஒரே தண்ணீரைப்பற்றித் தனித்தனியே மனுக்கொடுத்து வந்திருக்கிறார்கள்.

மணல் எடுப்பது ஏற்றநீர் எட்டும் எல்லைக்குள் அறவே நிற்கவேண்டும். முகத்துவாரத்துத் தூர்வாரும் கணக்கில் படகின் ஆழத்தோடு கழியின் ஏற்றவற்றமும் சேரவேண்டும். திட்டுக்களையும் சேற்றுக் கரைகளையும் அளந்து, அரசாங்க நிலம் எது, தனியார் நிலம் எது, இன்று மரம் நிற்பது எது, நேற்று நின்றது எது என்று ஒரு படம் வரைந்து ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலும் மாட்டவேண்டும். படம் சுவரில் தொங்கினால் மண்ணடிக்க வருகிறவன் சற்று யோசிப்பான்.

இவ்வளவும் ஆனபின் கன்று நடட்டும். வெண்கண்டலை மட்டும் ஆயிரக்கணக்கில் நட்டுக் கணக்குக் காட்டாமல், உப்புத் தணியும் இடம் பார்த்துச் சுரபுன்னையையும் மற்ற வகைகளையும் நடவேண்டும். நட்ட தொகைக்குப் பதிலாக மூன்றாண்டு கழித்து உயிரோடு நிற்கும் தொகைக்கே பணம் கொடுப்பதென்று மிஷ்டித் திட்டத்தார் ஒரு விதி செய்தால், பாதி ஊழல் அன்றே ஒழியும். புதுவைச் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாகக் கேட்கலாம்: இதுவரை தேங்காய்த்திட்டிலும் சுண்ணாம்பாற்றிலும் நட்ட கண்டல் கன்றுகள் எத்தனை, இன்று நிற்பவை எத்தனை, சென்ற தை முதல் ஆனி வரை முகத்துவாரத்துக்கு வந்த நன்னீர் எவ்வளவு?